அக்காவிடம் யார் சொல்வது?

எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் நெருக்கி நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து என் ஸ்கூட்டரை எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். முன்பு பொறுப்பில் இருந்தவர் மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். எங்கள் பாஸ்டர் என்னைவிட வயதில் சிறியவர். மந்தைவெளிக்கு மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகவில்லை. எனக்கு முன்னால் நின்ற வண்டியைத் தானே நகர்த்திக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"சிஸ்டர், ஆபீஸ்ல நீங்க டீம் லீட்தானே? இதையும் நீங்க எடுத்துக்குங்க. உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்ல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் என் கீழே ஒரு குழு வேலை செய்கிறது. யாராவது தப்பு செய்தால் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குக் கூப்பிடுவேன். நல்லதை முதலில் சொல்லி, கெட்டதை நடுவில் வைத்து, மறுபடி நல்லதைச் சொல்லி முடிப்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு பேசியதையெல்லாம் மெயிலில் அனுப்பிவிடுவேன். அவர்களுக்கு என்னைப் பிடிக்கிறதோ இல்லையோ, திங்கட்கிழமை காலை வந்துதான் ஆக வேண்டும்.

சர்ச் குழுவில் அப்படி யாரும் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டு, துவைக்கப் போட்ட துணியை விட்டு, பிள்ளைகளின் டியூஷனை விட்டு வருகிறார்கள். சம்பளம் இல்லாத இடத்தில் மேலதிகாரியும் இல்லை என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் பிடித்தன.

நாங்கள் போவது அடையாறில் ஒரு விடுதிக்கு. புற்றுநோய் வைத்தியத்துக்காக வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் இடம் அது. ஒரு முஸ்லிம் குடும்பம் நடத்துகிறது. மேலே மூன்று மாடி அறைகள், கீழே பொதுச் சமையல்கட்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் பாய் எங்களை முதல் நாளே உட்காரவைத்துப் பேசிவிட்டார். "நீங்க ஜெபம் பண்ணுங்கம்மா, வேணாங்கல. நாங்களும் துவா பண்றோம். கதவத் தட்டி, அவங்க உள்ள வாங்கன்னா போங்க. வேணாம்னா வந்துடுங்க. அவ்ளோதான் இங்க சட்டம்." அதைவிடத் தெளிவான விதியை எங்களாலும் எழுதியிருக்க முடியாது. அதையே எங்கள் விதியாக வைத்துக்கொண்டோம்.

குழுவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். தி. நகர்க்காரர், வயது அறுபதை நெருங்குகிறது. நான் பொறுப்பாளராக இருந்தாலும் அந்த விடுதியில் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தது அவரைத்தான். நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா, எந்த ஊரு" என்று கேட்பேன். பிறகு எனக்குப் பேச்சு வராது. அக்கா உள்ளே போனால் கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுவார். தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிற பெண்ணுக்குச் சீப்பை எடுத்து வாரிவிடுவார். வாய் வெந்து எதுவும் விழுங்க முடியாதவர்களுக்கென்று ஜவ்வரிசிக் கஞ்சியைக் காரம் இல்லாமல் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துக் கொண்டுவருவார். அவர் மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தால் பக்கத்து அறைக் கதவுகள் திறக்கும். எனக்கு அவர்மேல் பொறாமை இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது. அதைவிட நிம்மதி அதிகம். அவர் இருக்கிறார், அதனால் குழு நடக்கும் என்ற நிம்மதி.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸில் இருந்தபோது பாய் போன் செய்தார். அவர் அதுவரை எனக்குப் போன் செய்ததே இல்லை.

"இன்னாம்மா இது? ரெண்டாவது மாடில செய்யார்காரங்க கீறாங்க இல்ல, வாய்ல கட்டி வந்த அம்மா, அவங்க வீட்டுக்காரரு... ரூமைக் காலி பண்ணிக்கினு ஊருக்கே போய்ட்டாங்க."

"ட்ரீட்மென்ட் முடிஞ்சிருச்சா பாய்?"

"எங்க முடிஞ்சிது? பாதி கரண்ட்டுதான் வச்சிகீது. இன்னா ஏதுன்னு கேட்டா, உங்க அக்கா வந்து சொல்லிட்டாங்களாம், ஆண்டவரு சொகம் குடுத்துட்டாருன்னு. அந்தாளு சந்தோசமாப் போறாரும்மா. எனக்குத்தான் பயமா கீது."

கதிர்வீச்சு வைத்தியத்தைத்தான் அங்கே எல்லோரும் கரண்ட் வைப்பது என்பார்கள். அந்த அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. கரண்ட் வைக்க ஆரம்பித்ததிலிருந்து வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடிக்கவே பயந்தார். ஊருக்குப் போய்விடலாம் என்று தினமும் அழுதுகொண்டிருந்தவரிடம் அக்கா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கவே மாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டவர்களுக்கு அது வீட்டுக்குப் போகக் கிடைத்த அனுமதியாகப் பட்டிருக்கிறது.

பாய் கடைசியாக ஒன்று சொன்னார். "நீங்க நல்லவங்க. ஆனா இதுக்கு ஒரு வழி பண்ற வரிக்கும் நீங்க யாரும் வரவேணாம்மா. கோச்சுக்காதீங்க."

முதலில் அந்த அம்மா திரும்பி வர வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. பாயிடம் எண் வாங்கி, மாடிப்படியில் நின்றுகொண்டு அந்த அம்மாவின் கணவரைக் கூப்பிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா சொன்னாங்களேம்மா, சொகமாயிடுச்சுன்னு. நீங்களும் அவங்ககூட வர்றவங்கதானே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அக்கா பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதரின் நம்பிக்கையைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. "ஐயா, சுகமாயிருந்தா அது டாக்டருக்கும் தெரியும் இல்லையா? ஒரு தடவை வந்து அவர்கிட்டக் காட்டிடுங்க. போதும்னு அவர் சொன்னா நானே உங்களை பஸ் ஏத்தி விடறேன்" என்றேன். அவர் யோசித்தார். பின்னால் அந்த அம்மா ஏதோ சொல்வது கேட்டது. பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். பாஸ்டரிடமும் சொல்லி, அந்த வாரம் முழுக்க நானும் அவரும் மாற்றி மாற்றி அந்தக் கணவரிடம் பேசினோம். அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். டாக்டர் திட்டவில்லையாம். விட்டுப்போனதற்குச் சேர்த்து நாள் கூட்டிக் கொடுத்து, மறுநாளே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

இனி அக்காவிடம் பேச வேண்டும். தனியாகப் பேசப் பயந்து, ஆபீஸில் பழகிய இன்னொரு வேலையைச் செய்தேன். எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டேன்.

சர்ச்சுக்குப் பக்கத்து ஓய்வுநாள் பள்ளி அறையில், பிள்ளைகள் வரைந்த நோவாவின் பேழைப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்தோம். யார் பெயரையும் சொல்லவில்லை. "பொதுவா ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். நோயாளிகளுக்கு நாம் வாக்குறுதி எதுவும் கொடுக்கக் கூடாது, நாம் சொல்கிற ஒரு வார்த்தையை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம், இனி எல்லோரும் கவனமாக இருப்போம், இப்படியே போனது என் பேச்சு. பேசப் பேச எனக்கே என் குரல் மெயில் படிப்பது போலக் கேட்டது.

முடித்தவுடன் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "நல்லா சொன்னேம்மா. சில பேரு அப்படித்தான் யோசிக்காமப் பேசிடறாங்க."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெண் வரவில்லை. தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறவள், குழுவுக்குப் புதிது, வாய் திறந்து ஜெபிக்கவே கூச்சப்படுவாள். போனை எடுக்கவும் இல்லை. யாருக்காகப் பேசினேனோ அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டார். சம்பந்தமே இல்லாத ஒருத்திக்கு அடி விழுந்துவிட்டது.

அந்த வாரம் நடுவில் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் பாஸ்டரைப் பார்க்கப் போனேன். அவர் அறையில் மின்விசிறி சத்தம் போடும். பேசுகிறவர் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டும். கூட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீங்களே அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க பாஸ்டர். உங்கமேல அவங்களுக்கு ரொம்ப மரியாதை" என்றேன்.

உடனே சரி என்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் சொன்னா அது தண்டனை ஆயிடும் சிஸ்டர். சபை அவங்களைக் கூப்பிட்டுக் கண்டிச்ச மாதிரி. நீங்க சொன்னா, கூட வேலை செய்யறவங்க சொன்னது."

"எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கும். நான் வந்த நாளிலேர்ந்து நம்ம செக்ரட்டரிகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். இன்னும் சொல்லல. அதனால உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்ல." சிரித்தார். பிறகு யோசித்து யோசித்து, எனக்குச் சொல்வது போலத் தனக்கும் சொல்லிக்கொண்டார். "இங்க கூப்பிடாதீங்க, விசாரணை மாதிரி ஆயிடும். அவங்க வீட்டுக்குப் போங்க. முன்னாடியே போன் பண்ணி, இந்த விஷயமாப் பேசணும்னு சொல்லிட்டுப் போங்க. சும்மா வந்த மாதிரி போய் உக்காந்துட்டு எடுக்காதீங்க. அப்புறம், 'எல்லாரும் சொல்றாங்க'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. யாரு அந்த எல்லாரும்னு தேடறதுலேயே பேச்சு போயிடும். உங்களுக்கு என்ன தெரியுமோ அத மட்டும் சொல்லுங்க."

"சொன்னதுக்கப்புறம்?"

"அப்புறம் அவங்க பேசுவாங்க. நாம நிறுத்திக்கணும். எனக்கு அதுதான் வராது."

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை ஃப்ளாட். அவர் கணவர் கூடத்தில் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே கேட்டார். "செய்யார்க்காரங்க விஷயம்னு போன்ல சொன்னே. திரும்பி வந்துட்டாங்களாமே?"

"வந்துட்டாங்கக்கா. அவங்க நடுவுல ஊருக்குப் போனது, நீங்க சுகமாயிடுச்சுன்னு சொன்னதாலதான். அவங்க வீட்டுக்காரரே என்கிட்டச் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நீங்க சொல்லல, அது எனக்குத் தெரியும். அவங்க அப்படி எடுத்துக்கிட்டாங்க. கரண்ட் நின்னுபோச்சு. இனிமே அந்த வார்த்தைய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேக்க வந்தேன்."

சொல்லி முடித்துவிட்டேன். எனக்குள் இன்னும் பத்து வாக்கியம் வரிசையில் நின்றது. அக்காவின் கஞ்சி எவ்வளவு நல்லது, அவர் இல்லாமல் குழு இல்லை, இப்படி. பாஸ்டர் சொன்னதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவின் கை கீரையிலேயே நின்றது. "விசுவாசத்துல சொன்னேன். அது தப்புங்கறியா?"

"விசுவாசத்தத் தப்புன்னு சொல்லலக்கா."

"இவருக்கு ஹார்ட்டுல அடைப்புன்னு டாக்டரே கைய விரிச்சப்ப நான் இப்படித்தான் சொன்னேன். சுகமாயிடுச்சுன்னு அறிக்கை பண்ணேன். தோ, உக்காந்து மேட்ச் பாக்கறாரே!"

கூடத்தில் டிவி சத்தம் நின்றது. அக்காவின் கணவர் திரும்பாமலே சொன்னார். "நீ சொன்னே. நான் மாத்திரையையும் நிறுத்தலையே."

"நீங்க டிவியப் பாருங்க," என்றார் அக்கா. அவர் முகம் சிவந்துவிட்டது. டிவி சத்தம் மறுபடி வந்தது.

அக்கா எழுந்து கீரையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் உறுதியாக இருந்தது. "இத்தன வருஷம் எவ்ளோ பேரோட உக்காந்திருக்கேன். ஒருத்தர் என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டதில்ல. இனிமே நான் வரல. நீயே பாத்துக்கோ."

நான் எழுந்தேன். "காப்பி போட்டுட்டேன். குடிச்சிட்டுப் போ," என்றார். அந்தக் காப்பியை அவர் முன்னால் உட்கார்ந்து குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு கதவு வரை வந்தார். அவ்வளவுதான்.

கீழே இறங்கியதும், அதே சூட்டோடு இன்னொன்றையும் முடித்துவிடலாம் என்று அந்தப் பெண் வேலை செய்யும் புடவைக் கடைக்கு நடந்தேன். சனிக்கிழமைக் கூட்டம். அவள் ஒரு கல்யாணக் குடும்பத்துக்குப் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் வரும்வரை காத்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே, ஊழியர்கள் டிபன் பாக்ஸ் திறக்கும் இடத்தில் கேட்டாள். "நான்தானே மேடம்? அந்த மூணாவது மாடிப் பாட்டிகிட்ட 'சரியாயிடும் பாட்டி'ன்னு நான்தான் சொன்னேன். அதத்தான் மீட்டிங்ல சொன்னீங்க?"

சரியாயிடும் என்று நானும்தான் வாரா வாரம் சொல்கிறேன். "உன்னை நெனச்சு ஒரு வார்த்தைகூடச் சொல்லலம்மா. ஒருத்தர்கிட்டத் தனியாச் சொல்ல வேண்டியத பயந்துகிட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றேன். யார் அந்த ஒருத்தர் என்று அவள் கேட்கவில்லை. தன் டிபனிலிருந்து ஒரு வடையை எடுத்து மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

அக்காவிடம் பேசிவிட்டேன் என்று சொன்னதும் பாய் எங்களை மறுபடி வரவிட்டார். ஆனால் அக்கா இல்லாத சனிக்கிழமைகள் கஷ்டமாகத்தான் இருந்தன. கதவைத் தட்டினால் எல்லோரும் எங்களுக்குப் பின்னால் எட்டிப்பார்ப்பார்கள். "கஞ்சியம்மா வரலையா?" நானும் ஜவ்வரிசியை வாங்கிக் காய்ச்சிப் பார்த்தேன். ஒரு வாரம் கட்டியாகிவிட்டது, ஒரு வாரம் அடிப்பிடித்துவிட்டது. அக்காவோடு நெருக்கமான இருவர், எங்களுக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஒரே ஆட்டோவில் அடங்கிவிடுவோம்.

சபையில் பேச்சு கிளம்பியது. ஒரு ஞாயிறு, கமிட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "என்னம்மா, அக்காவ நீ விரட்டிட்டியாமே? அவங்க ஊழியம் பண்ண ஆரம்பிச்சப்ப நீ பாவாடை கட்டிக்கிட்டு இருந்திருப்பே."

நடந்தது முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். என்மேல் தப்பில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், மத்தியானத்துக்குள் சபை முழுவதற்கும் தெரிந்துவிடும். பிறகு அக்கா அந்த வாசலில் எப்படிக் கால் வைப்பார்? "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விஷயத்துல ஒத்துப்போகலங்கய்யா. அக்கா நல்லவங்க. நாங்க பேசிக்கறோம்," என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. பாஸ்டரும் தன்னிடம் கேட்டவர்களுக்கு அதே அளவுதான் சொன்னார். அந்த வாரங்களில் எனக்கு மிகவும் பாரமாக இருந்தது இந்த வாயடக்கம்தான். அக்காவிடம் பேசியதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. வீட்டில் என் கணவர் மட்டும் எல்லாவற்றையும் கேட்டார், அதுவும் பலமுறை.

அக்காவும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும்போது என் கையைப் பிடிப்பார். கண்ணைப் பார்க்க மாட்டார்.

செய்யார் அம்மாவுக்குக் கரண்ட் முடியும் வாரம் வந்தது. இப்போது அவருக்குப் பேசுவதே கஷ்டம், சொல்ல வேண்டியதை அவர் கணவர்தான் சொல்வார். "ஊருக்குப் போறதுக்குள்ள அந்த அக்காவப் பாக்கணுங்கறா. கூட்டிட்டு வர்றீங்களா?"

எனக்குத் தயக்கமாக இருந்தது. அக்காவை மறுபடி அதே அறைக்கு அழைப்பது சரியா? பாய் என்ன சொல்வார்? ஆனால் கேட்டது நோயாளி. பாயிடம் முதலில் சொன்னேன். "அவங்க கேக்கறாங்கன்னா வரட்டும்மா. அதான சட்டம்," என்றார். பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, செய்யார் அம்மா வியாழக்கிழமை ஊருக்குப் போறாங்க. உங்களப் பாக்கணும்னு கேக்கறாங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அக்கா அதை அணைத்துவிட்டு வந்தார். "என்னத் திட்டறதுக்கா?"

"தெரியலக்கா. பாக்கணும்னுதான் சொன்னாங்க."

புதன்கிழமை மாலை நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி விடுதிக்குப் போனபோது அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கையில் பிளாஸ்க். அவர் முன்னால் படியேறினார், நான் பின்னால். வழக்கமாகக் கதவைத் தட்டும்போதே உள்ளே போய்விடுகிறவர், அன்று வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா கையை நீட்டினார். கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்தது. அக்கா கட்டிலில் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். என்னையும், அந்த அம்மாவின் கணவரையும் ஒருமுறை பார்த்தார். வெளியே போகவா என்று நான் கேட்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீ சொகமாயிடணும்னு எனக்கு அவ்ளோ ஆசைம்மா. ஆசைய ஆசைன்னு சொல்லாம, ஆண்டவரு சொன்னாருன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உனக்கு நடுவுல நின்னுபோச்சு, அதனால இத்தன நாள் கூட வலி. என்ன மன்னிச்சிடு."

அந்த அம்மா தலையை ஆட்டினார். இல்லை என்கிறாரா, பரவாயில்லை என்கிறாரா என்று தெரியவில்லை. கணவரைப் பார்த்துக் கையை அசைத்தார். அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க சொன்ன அன்னிக்கு ராத்திரிதான் அவ நல்லாத் தூங்குனாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலேர்ந்து அந்த ஒரு ராத்திரிதான். அதச் சொல்லச் சொல்றா."

அக்கா அழுதுவிட்டார். நான் அக்காவிடம் சொன்னது சரி என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தத் தூக்கத்தை அவருக்குக் கொடுத்தது அக்காதான். எங்கள் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்த என்னால் அதைக் கொடுக்க முடியவில்லை. இதை எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியாது. பொறுப்பில் இருக்கிற சிலரிடம் கேட்டிருக்கிறேன், அவர்களுக்கும் தெரியவில்லை.

பிளாஸ்கைத் திறந்து அக்கா கஞ்சியை ஊற்றினார். அந்த அம்மா கரண்டி கரண்டியாக, நேரம் எடுத்துக் குடித்தார்.

திரும்பும்போது ஒரே ஆட்டோவில் வந்தோம். அக்கா டிரைவரிடம் பேரம் பேசி ஜெயித்துவிட்டுத்தான் ஏறினார். திரு.வி.க. பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ வீட்டுக்கு வந்து சொன்னது எனக்குப் புடிக்கல."

"தெரியும்க்கா."

"அதுக்கு முன்னாடி மீட்டிங் போட்டுச் சொன்னே பாரு, அது அதவிடப் புடிக்கல. எனக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? 'நல்லா சொன்னே'ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயி ராத்திரி பூரா எங்க வீட்டுக்காரருகிட்டப் புலம்பினேன். மூஞ்சிக்கு நேரா சொல்லக்கூட நான் லாயக்கில்லையான்னு." பிறகு என் பக்கம் திரும்பி, "அப்புறமாவது நேரா வீட்டுக்கு வந்தே," என்றார்.

அவர் உடனே குழுவுக்குத் திரும்பவில்லை. வாரம் தவறாமல் கஞ்சி மட்டும் வந்தது, யாராவது ஒருவர் போய் வாங்கி வருவோம். பிறகு ஒரு சனிக்கிழமை கஞ்சியோடு அவரே வந்து நின்றார். புடவைக் கடைப் பெண்ணைத் தன்னோடு அறைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீ ஜெபம் பண்ணு, நான் பாடறேன்," என்று அவளிடம் சொல்வதைக் கேட்டேன். இன்றும் ஜெபத்தில் அக்காவின் குரல் சில சமயம் உயரும். ஒரு கணம் நிறுத்திவிட்டு, "உமக்குச் சித்தமானால்" என்று சேர்த்துக்கொள்வார். அது அவருக்கு அவ்வளவு சுலபமாக வருவதில்லை என்பது பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

செய்யாரிலிருந்து சில மாதங்கள் கழித்துப் போன் வந்தது. அந்த அம்மாவே பேசினார். குழறலாக இருந்தாலும் புரிந்தது. இட்லி சாப்பிடுகிறாராம், சட்னி மட்டும் இன்னும் எரிகிறதாம். செக்கப்புக்கு வரும்போது பார்ப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆபீஸிலும் என் பழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. நல்லதுக்கு நடுவில் கெட்டதை வைத்துப் பொட்டலம் கட்டுவதை விட்டுவிட்டேன். ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஒன்றைச் சொல்கிறேன். அவர்கள் முன்னைவிட அதிகமாக எதிர்த்துப் பேசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது.

குழுவில் புதிதாக ஆழ்வார்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். நல்ல மனிதர், நேரம் தவறமாட்டார். ஆனால் நோயாளிகள் சாப்பிட வேண்டிய பழம், சாப்பிடக் கூடாத காய் என்று கைபேசியில் படித்ததையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பாய் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இந்த வியாழக்கிழமை மாலை பேராசிரியர் வீட்டுக்குப் போகிறேன். எதற்காக வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். வாங்க, பேசலாம் என்றார். குரல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது.